சாயப்பட்டறை ஊரில் வேதியியல் படிப்பு

(ஜமாஅத் கல்விப் பரிசளிப்பு விழாவில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுகின்றோம். பேசி முடித்துக் கீழே இறங்கியதும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பெற்றோர் நம்மிடம் கேட்கின்ற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "எந்த இன்ஜினியரிங் காலேஜில் சேர்க்கலாம்?" பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று நாம் திருப்பிக் கேட்டால், பிள்ளை அத்தாவின் முகத்தைப் பார்க்கின்றது, அத்தா நம் முகத்தைப் பார்க்கின்றார். ஆகவே இவ்வாண்டு பொதுப்படப் பேசுவதை விடுத்து, ஒரே ஒரு படிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு விளக்கமாகச் சொல்லலாம் எனக் கல்விக் குழுவில் முடிவு செய்தோம். அந்தப் படிப்பு வேதியியல். அதிலும், ஆராய்ச்சி நடைபெறுகின்ற உயர் நிறுவனத்தில் இளநிலைப் பட்டத்திற்காகப் படிக்கின்ற வேதியியல்.

"கெமிஸ்ட்ரி படித்துவிட்டுச் சாயப்பட்டறை லேபில் நிற்கவா?" என்று சிலர் முணுமுணுப்பது நம் காதில் விழுகின்றது. அந்தச் சாயப்பட்டறையிலிருந்தே தொடங்குவோம்.

நம்மில் பலருடைய வீட்டு அடுப்பு பனியன் தொழிலால் எரிகின்றது. கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங் என்று எல்லாவற்றையும் நாம் அறிவோம். ஆனால் துணி நிறம் பெறுகின்ற இடத்தில் என்ன நடக்கின்றது என்பதை அறிந்தவர்கள் நம்மில் மிகச் சிலரே. பருத்தி நூல் தண்ணீரில் நனைந்தவுடன் அதன் மேற்பரப்பு சிறிதளவு எதிர்மின்சுமை பெறுகின்றது. ரியாக்டிவ் சாயத்தின் மூலக்கூறும் எதிர்மின்சுமை உடையதே. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளுதலைக் குறைத்துச் சாயத்தைத் துணியின் பக்கம் நகர்த்தத்தான் உப்பு போடப்படுகின்றது. அடர் நிறங்களுக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 முதல் 100 கிராம் வரை உப்பு தேவைப்படும். பிறகு சோடா உப்பைச் சேர்த்துக் காரத்தன்மையை உயர்த்தும்போது சாயம் பருத்தியோடு வேதிப் பிணைப்புக் கொள்கின்றது. அந்தப் பிணைப்பினால்தான் பலமுறை துவைத்த பின்பும் சட்டை வெளுப்பதில்லை.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, சாயத்தின் ஒரு பகுதி துணியோடு சேராமல் தண்ணீரோடேயே வினைபுரிந்துவிடுகின்றது. அப்படி வினைபுரிந்த சாயம் அதன்பின் துணியைப் பற்றிக்கொள்ளாது; கழுவும்போது வெளியே போய்விடும். இரண்டாவது, போட்ட உப்பில் ஒரு கிராம்கூடத் துணியில் தங்குவதில்லை. அது முழுவதும் கழிவுநீரில்தான் போகும். கண்ணுக்குத் தெரிகின்ற நிறத்தை நீக்குவது ஓரளவு எளிது. கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கின்ற உப்பை நீக்குவதுதான் கடினம். நொய்யலுக்கு நேர்ந்தது இதுவே. பாசனத்திற்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியதையும், கீழ்ப்பகுதி விவசாயிகள் நீதிமன்றம் சென்றதையும், 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னதையும் நீங்கள் அறிவீர்கள். அந்த மாதங்களில் வேலையின்றி இருந்த குடும்பங்கள் நம் ஜமாஅத்திலும் உண்டு. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றிய பின்னரே பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. இன்று அந்த நிலையங்களில் கழிவுநீர் சவ்வுகளின் வழியே அழுத்தித் தள்ளப்பட்டு நல்ல தண்ணீர் பிரிகின்றது. மிஞ்சுகின்ற உப்புக் கரைசல் ஆவியாக்கப்பட்டும் குளிர்விக்கப்பட்டும் உப்பு மீட்கப்படுகின்றது. அதற்குச் செலவாகின்ற மின்சாரமும் நீராவியும் இன்று ஒவ்வொரு கிலோ துணியின் சாயக்கூலியிலும் ஏறி நிற்கின்றன.

உப்பே இல்லாமல் பருத்திக்குச் சாயமேற்றுவது எப்படி? தண்ணீரோடு வீணாக வினைபுரியாத சாயம் எது? மீட்ட உப்பைக் குறைந்த செலவில் தூய்மையாக்குவது எப்படி? இவை வேதியியல் கேள்விகள். உலகின் பல ஆய்வுக்கூடங்களில் இவற்றின் மீது வேலை நடக்கின்றது. கேள்விகளோ நம் ஊர்க் கேள்விகள்.

இந்தச் சாயத் தொழிலே ஒரு மாணவனின் கையில் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. வில்லியம் ஹென்றி பெர்கின் என்ற ஆங்கிலேயச் சிறுவன் 1853இல், தன் பதினைந்தாம் வயதில், இலண்டனிலிருந்த ராயல் காலேஜ் ஆஃப் கெமிஸ்ட்ரியில் சேர்ந்தான். அங்கே ஆசிரியராக இருந்தவர் ஹோஃப்மன் என்ற ஜெர்மானிய வேதியியலர். அவர் பாடம் நடத்திவிட்டுப் போகின்ற ஆசிரியர் அல்லர். தம்முடைய ஆராய்ச்சியில் மாணவர்களையும் ஈடுபடுத்தியவர். நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கின்ற பொருளைக் கொண்டு மலேரியா மருந்தான கொய்னாவைச் செய்ய முடியுமா என்பது அவர் எழுப்பிய கேள்வி. 1856ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் பெர்கின் தன் வீட்டிலேயே அதை முயன்றான். கொய்னா வரவில்லை. கறுப்பாக ஏதோ ஒன்று அடியில் படிந்தது. அதைக் கொட்டிவிடாமல் ஆல்கஹாலில் கரைத்துப் பார்த்தபோது ஊதா நிறம் வந்தது. பட்டுத் துணியில் அது பிடித்துக்கொண்டது. அப்போது அவனுக்கு வயது பதினெட்டு. ஆசிரியர் விரும்பாத நிலையிலும் படிப்பை விட்டு விலகி, கட்டடத் தொழில் செய்துவந்த தந்தையின் பணத்தைப் போட்டுத் தொழிற்சாலை தொடங்கினான். வாணிபத்திற்கு வந்த முதல் செயற்கைச் சாயம் அதுவே. சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1956இல், நம் பட்டறைகளில் இன்று ஓடுகின்ற ரியாக்டிவ் சாய வகை இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்திலிருந்து சந்தைக்கு வந்தது. அதைக் கண்டறிந்த ரேட்டீ, ஸ்டீபன் ஆகிய இருவரும் அந்நிறுவனத்தின் வேதியியலர்கள்.

பெர்கின் அறிவாளி என்பதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. நம் தெருவிலும் அறிவாளிப் பிள்ளைகள் உண்டு. அவன் பதினைந்து வயதிலேயே, விடை தெரியாத கேள்வியோடு மல்லுக்கட்டுகின்ற ஓர் இடத்திற்குள் நுழைந்தான். அந்த இடம்தான் காரணம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டில் அப்படிப்பட்ட இடங்கள் நெடுங்காலம் இளநிலை மாணவர்களுக்குத் திறக்கவில்லை. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகம் 1909இல் நிறுவப்பட்டது. அதன் முதல் இயக்குநர் மோரிஸ் டிராவர்ஸ் ஒரு வேதியியலர். அங்குத் தொடக்கத்திலேயே அமைந்த துறைகளுள் வேதியியலும் ஒன்று. ஆனாலும் ஒரு நூற்றாண்டுக் காலம் முதுநிலைக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டுமே அங்கு இடம் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கென நான்காண்டு இளநிலைப் படிப்பை அது தொடங்கிய ஆண்டு 2011. நம் பட்டறைகள் மூடப்பட்ட அதே ஆண்டு. இதற்கு முன்பே 2006இல் புனேயிலும் கொல்கத்தாவிலும் 'ஐசர்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களை மத்திய அரசு தொடங்கியது. பின்னர் மொகாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்காம்பூர் என்று மொத்தம் ஏழாயின. புவனேசுவரத்தில் 'நைசர்' இருக்கின்றது. கான்பூர், மும்பை ஐ.ஐ.டி.களிலும் வேதியியலில் நான்காண்டு இளநிலைப் படிப்பு உண்டு. திருவனந்தபுரமும் திருப்பதியும் பெங்களூரும் நமக்கு ஓர் இரவுப் பயணத் தொலைவே.

அங்கே என்ன படிப்பார்கள்? வேதியியல் படிக்கச் சென்ற பிள்ளை முதல் நாளிலேயே வேதியியலில் மட்டும் மூழ்கிவிட முடியாது. பெங்களூரில் முதல் மூன்று பருவங்கள் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் எல்லாமும் எல்லோருக்கும் பொது. அதன் பிறகே வேதியியலை முதன்மைப் பாடமாக எடுப்பார்கள். இறுதி ஆண்டில் ஓர் ஆசிரியரின் ஆய்வுக்குழுவில் சேர்ந்து ஆய்வுத் திட்டம் செய்ய வேண்டும். ஐசர்களில் பி.எஸ்.-எம்.எஸ். என்ற ஐந்தாண்டு இரட்டைப் பட்டம். ஐந்தாம் ஆண்டு ஆய்வேட்டிற்குரியது.

பொதுவாகக் கல்லூரிச் செய்முறை வகுப்பில் என்ன நடக்கின்றது என்று எண்ணிப் பாருங்கள். ஓர் உப்பைக் கொடுப்பார்கள். சோதித்துச் சொல்ல வேண்டும். பியூரெட்டில் கரைசலை ஊற்றி நிறம் மாறுகின்ற துளியைப் பிடிக்க வேண்டும். விடை ஆசிரியரின் குறிப்பேட்டில் முன்பே இருக்கும். அந்த விடைக்கு அருகில் வந்தால் மதிப்பெண். இந்தப் பயிற்சியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. கை பழகுவதற்கு அது கட்டாயம் வேண்டும், ஆராய்ச்சி நிறுவனத்திலும் முதலில் இதையே செய்விப்பார்கள். ஆனால் அங்கே மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் பிள்ளை சந்திக்கின்ற சோதனை வேறு வகையானது. இதற்கு முன் யாரும் செய்யாத ஒரு பொருளைச் செய்யச் சொல்வார்கள். கலவையைக் காய்ச்சி, பிரித்து, உலர்த்தி, கிடைத்த வெண்பொடியை என்.எம்.ஆர். என்னும் கருவியில் வைப்பார்கள். திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்பட்ட வலிமையான காந்தம் அது. அந்த வரைபடத்தைப் படித்து, தான் செய்ய நினைத்த பொருள்தானா வந்திருக்கின்றது என்று பிள்ளையே முடிவு சொல்ல வேண்டும். பெரும்பாலும் வந்திருக்காது. மறுபடியும் செய்ய வேண்டும். ஒரு பருவம் முழுவதும் செய்து ஒரு கிராம் பொருள்கூடக் கையில் சேராமல் போவதும் உண்டு. ஆசிரியர் கோபப்பட மாட்டார், "ஏன் வரவில்லை என்று எழுதினாயா?" என்று கேட்பார். அன்றன்று செய்ததைப் பக்க எண்ணிட்ட குறிப்பேட்டில் மையால் எழுத வேண்டும். தவறு என்றால் ஒரே கோடு போட்டு அடிக்கலாம், தாளைக் கிழிக்கக்கூடாது. நம் கடைக் கணக்குப் பேரேட்டிற்கு உரிய ஒழுங்கு அதற்கும் உண்டு.

நம் ஊர் லேப்களில் ஷேடு பொருத்துவதற்கு வைத்திருக்கின்ற ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் கருவியைப் பலர் பார்த்திருப்பீர்கள். எந்த அலைநீள ஒளி எவ்வளவு திரும்பி வருகின்றது என்று அளந்து, எந்தச் சாயம் எத்தனை சதவீதம் என்று கணினி சொல்லிவிடுகின்றது. நல்ல டையிங் மாஸ்டர் அந்த எண்ணையும் தன் கண்ணையும் வைத்து லாட்டைச் சரியாக எடுத்துவிடுவார். அவருடைய கைப்பக்குவத்தை நாம் மதிக்கின்றோம். ஆனால் சாயமே மாறினால், தண்ணீர் மாறினால், வெளிநாட்டு வாங்குபவர் ஒரு புதிய தடையைப் போட்டால், காரணம் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் வேண்டும். 1990களில் ஜெர்மனி சிலவகை அசோ சாயங்களைத் தடை செய்தபோது நாம் இதை அனுபவித்தோம். தீங்கான அரோமாட்டிக் அமீன்களாகப் பிரியக்கூடிய சாயங்கள் அவை. இந்தியாவும் 1993இலும் 1997இலுமாக மொத்தம் 112 சாயங்களைத் தடை செய்தது. 2002இல் ஐரோப்பிய ஒன்றியம், ஒரு கிலோ துணியில் அத்தகைய அமீன் 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வகுத்தது. ஒரு கன்டெய்னர் சரக்கு போகலாமா திரும்பி வர வேண்டுமா என்பதை அன்று முதல் ஒரு சோதனை அறிக்கை முடிவு செய்கின்றது. அந்த அறிக்கையை நாம் பணம் கொடுத்து வாங்குகின்றோம்; அதை எழுதக் கற்ற பிள்ளைகள் நம்மிடம் அதிகம் இல்லை.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆராய்ச்சி நிறுவனம் அருகில் இருந்தால் மட்டும் போதாது. ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் தொழிலில் நம் சமுதாயத்தார் தலைமுறைகளாக இருக்கின்றனர். அத்தொழிலுக்கென்றே 1948 முதல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்து வருகின்றது. நாயுடம்மா போன்ற பெரிய அறிவியலாளர் அதை நடத்தினார். அப்படியிருந்தும் பாலாற்றங்கரைக் கழிவுநீர் 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில்தான் போய் முடிந்தது. அறிவு ஒரு கட்டடத்திலும் தொழில் ஒரு கட்டடத்திலுமாக இருந்தால் நடுவில் ஆறு கெட்டுப் போகும். இரண்டையும் அறிந்தவர்கள் வீட்டுக்குள்ளிருந்தே வர வேண்டும்.

கூட்டங்களில் நாம் ஜாபிர் இப்னு ஹய்யானின் பெயரைச் சொல்லத் தவறுவதில்லை. கெமிஸ்ட்ரி என்ற சொல்லே 'அல்-கீமியா' என்ற அரபுச் சொல்லின் வழியே வந்தது என்றும், ஆல்கலி என்பது 'அல்-கலீ' என்றும் பெருமையாகச் சொல்வோம். உண்மைதான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டு, பிள்ளை கெமிஸ்ட்ரி படிக்கின்றேன் என்றால் முகத்தைச் சுளிக்கின்றோமே, அது என்ன நியாயம்? ஆயிரம் ஆண்டு பின்னால் போகவும் தேவையில்லை. 2025ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர் உமர் யாகி. ஜோர்தானின் அம்மான் நகரில், பாலஸ்தீன அகதிக் குடும்பத்தில், 1965இல் பிறந்தவர். பெரிய குடும்பம், ஒரே அறை, அதையும் கால்நடைகளோடு பகிர்ந்துகொண்ட வாழ்க்கை. பத்து வயதில் பள்ளி நூலகத்தில் ஒரு புத்தகத்தைத் திறந்தபோது மூலக்கூறுகளின் படங்கள் கண்ணில் பட்டன. அவை என்னவென்று தெரியாமலேயே மனம் ஒட்டிக்கொண்டது என்று அவரே சொல்லியிருக்கின்றார். பதினைந்து வயதில் அமெரிக்கா சென்று, முதலில் ஒரு சமுதாயக் கல்லூரியிலும் பிறகு ஆல்பனி பல்கலைக்கழகத்திலும் படித்தார். கடையில் சாமான்களைப் பையில் போட்டுக் கொடுத்தும், தரை துடைத்தும் சம்பாதித்துக்கொண்டே படித்தவர், இளநிலை மாணவராக இருந்தபோதே பேராசிரியர்களின் ஆய்வுக்கூடங்களுக்குள் புகுந்துவிட்டார். உலோகத்தையும் கரிமச் சேர்மத்தையும் இணைத்து, உள்ளே எண்ணற்ற நுண்ணறைகள் கொண்ட படிகங்களை அவர் உருவாக்கினார். பாலைவனக் காற்றிலிருந்துகூட அவற்றைக் கொண்டு தண்ணீர் பிடிக்க முடிகின்றது. தண்ணீருக்காகத் தவிக்கின்ற ஊரிலிருந்து வந்தவரின் வேலை அது.

இனி, பெற்றோரின் தயக்கத்திற்கு வருவோம். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கின்றது. பொறியியல் முடித்த பிள்ளை இருபத்திரண்டு வயதில் சம்பளம் வாங்கும்போது, வேதியியல் பிள்ளை இன்னும் படித்துக்கொண்டிருக்கும். ஆராய்ச்சியில் நிலைபெற முனைவர் பட்டமும் தேவை; அதற்கு மேலும் ஐந்தாண்டு, சிலருக்கு இன்னும் கூடுதல். முனைவர் பட்டம் பெற்றவர்கள் எல்லோருக்கும் பேராசிரியர் பதவி கிடைப்பதும் இல்லை. மருந்து, சாயம், பெயின்ட், பேட்டரி, சோதனைக்கூடம் என்று தொழில் துறைக்குச் செல்பவர்களே மிகுதி. வீட்டில் உடனே வருமானம் தேவைப்படுகின்ற நிலை இருந்தால், ஜவுளி வேதியியல் பட்டயப் படிப்பு போன்ற குறுகிய வழியையே நாமும் பரிந்துரைப்போம். மதிப்பெண் மட்டும் வாங்கி, கேள்வி கேட்பதில் விருப்பமில்லாத பிள்ளையையும் அங்கே அனுப்ப வேண்டாம், துன்பப்படும்.

ஆனால் செலவைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் அறியாமையால் வருவது. மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை, பன்னிரண்டாம் வகுப்பில் தம் கல்வி வாரியத்தின் முதல் ஒரு சதவீதத்திற்குள் வந்து அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய். இதில் 60,000 கையில் கிடைக்கும். 20,000 கோடைக்கால ஆய்வுப் பணிக்கு. முனைவர் பட்ட ஆய்வு என்பதும் நம் மக்கள் நினைப்பதுபோல் அத்தா பணம் கட்டிப் படிக்கின்ற படிப்பன்று. தேசிய தகுதித் தேர்வில் வென்று இளநிலை ஆய்வாளராகச் சேர்பவர்களுக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் தருகின்றார்கள்.

சேர்க்கைக்கு ஐ.ஏ.டி. என்ற தேர்வு இருக்கின்றது. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஒவ்வொன்றிலும் 15 வீதம் 60 கேள்விகள். மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் பிள்ளைகள் உயிரியலையும், உயிரியல் குரூப்பில் கணிதம் இல்லாதவர்கள் கணிதத்தையும் தனியே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். தேர்வு தமிழில் இல்லை. தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்பிலிருந்தே கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் எழுதிப் பழகினால் போதும். கருத்து தெரிந்த பிள்ளைக்குச் சொல் தடையாக இருப்பது முதல் ஓராண்டுதான். நைசருக்கு நெஸ்ட் என்ற தனித் தேர்வு உண்டு. பொதுத்தேர்வு நடக்கின்ற பரபரப்பிலேயே இவற்றின் விண்ணப்பக் காலமும் வந்து போய்விடுகின்றது. பிள்ளை பாடத்தைப் பார்க்கட்டும். தேதியைப் பெற்றோர் பாருங்கள்.

சான்றிதழ் விஷயத்தில் ஏமாந்துவிட வேண்டாம். தமிழக அரசுக் கல்லூரிகளில் நமக்குள்ள 3.5 சதவீத இடஒதுக்கீடு மத்திய நிறுவனங்களில் பொருந்தாது. அங்கே ஓ.பி.சி. 27 சதவீதத்தின் கீழ்தான் வர முடியும். அதற்கு நம் கையிலிருக்கின்ற சாதாரண பி.சி. முஸ்லிம் சான்றிதழ் செல்லாது. கிரீமிலேயருக்கு உட்படாதவர் என்று மத்திய அரசின் படிவத்தில் தனியாகப் பெற வேண்டும். அதிலும் நடப்பு நிதியாண்டில் பெற்றதையே கேட்பார்கள். மத்தியப் பட்டியலில் உங்கள் பிரிவு எந்தப் பெயரில் இருக்கின்றதோ, அதே பெயர் எழுத்துப் பிசகாமல் சான்றிதழில் இருக்கின்றதா என்று பார்த்து வாங்குங்கள்.

இவற்றில் இடம் கிடைக்காவிட்டால் கதவு அடைபட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். நம் ஊர்ச் சிக்கண்ணா அரசுக் கல்லூரியிலோ எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரியிலோ பி.எஸ்ஸி. வேதியியல் படிக்கின்ற பிள்ளையும், படிக்கும்போதே அறிவியல் கழகங்கள் நடத்துகின்ற கோடைக்கால ஆய்வுத் திட்டத்திற்கு விண்ணப்பித்து, இரண்டு மாதம் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் உதவித்தொகையோடு தங்கி வேலை செய்யலாம். பட்டம் முடிக்கின்ற ஆண்டில் ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்ஸி.க்கோ, பெங்களூரில் ஒருங்கிணைந்த முனைவர் பட்டப் படிப்பிற்கோ போகலாம். சொல்லப்போனால், பதினேழு வயதில் வெளியூர் அனுப்பத் தயங்குகின்ற குடும்பங்களுக்கு இந்த வழியே பொருத்தமாக இருக்கும்.

அந்தத் தயக்கம் பெண்பிள்ளைகளின் விஷயத்தில்தான் மிகுதி. பரிசுப் பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலும் அவர்கள் பெயர்தான். நாம் சொன்ன நிறுவனங்களில் பெண்களுக்குத் தனி விடுதி வளாகத்திற்குள்ளேயே இருக்கின்றது. ஆய்வுக்கூடத்தில் முக்காடு போடலாமா என்று ஒரு தாயார் கேட்டிருந்தார். பருத்தித் துணியாக, முனை தொங்காமல் கோட்டுக்குள் செருகியிருந்தால் போதும். தீப்பற்றினால் உருகி ஒட்டுகின்ற செயற்கை இழைத் துணிதான் ஆபத்து. கூந்தலுக்கும் துப்பட்டாவிற்கும் இதே விதி எல்லாப் பெண்களுக்கும் உண்டு. சேர்க்கைக்கு முன் ஒருமுறை தாயும் தந்தையுமாகச் சென்று வளாகத்தையும் விடுதியையும் நேரில் பார்த்து வாருங்கள். அங்கே படிக்கின்ற மாணவிகளிடம் பேசுங்கள்.

விண்ணப்பம் நிரப்புவதிலும் சான்றிதழ் பெறுவதிலும் உதவி வேண்டுவோர் ஜும்ஆ தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் அலுவலகத்தில் கல்விக் குழுவினரைச் சந்திக்கலாம். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இப்போதே வரலாம்.